கொளாவிப்பாலம்: கூடலூரிலிருந்து இறங்கிச் சென்று பார்க்க வேண்டிய அமைதியான கடற்கரை

கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் வாழ்பவர்களுக்குக் கடல் என்றால் மேற்கே இருக்கும் அரபிக்கடல்தான். சென்னைக்கோ இராமேஸ்வரத்துக்கோ போக ஓர் இரவு முழுவதும் பேருந்தில் உட்கார வேண்டும். நாடுகாணிச் சுரம் என்ற மலைப்பாதையில் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் தாண்டினால் மலபார்க் கரை அரை நாளில் வந்துவிடுகிறது. ஆனாலும் எங்கள் பகுதியிலிருந்து கடல் பார்க்கச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் கோழிக்கோடு நகரக் கடற்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, உப்பிலிட்ட நெல்லிக்காயும் மாங்காயும் வாங்கித் தின்று, தலைகளுக்கு நடுவே சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நகரத்துக்கு வடக்கே, பய்யோளிக்கும் வடகரைக்கும் இடையில், கொளாவிப்பாலம் என்றொரு கரை இருக்கிறது. குடும்பத்தோடு அங்கே தங்கி வந்த அனுபவத்தில், அந்தக் கரை எப்படிப்பட்டது, அங்கே யார் போகலாம், யார் போகாமல் இருப்பது நல்லது என்பதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அமைதி தேடி மலைக்காரர்கள் ஏன் கீழே இறங்க வேண்டும் என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். மே மாதத்தில் மலர்க்காட்சி நடக்கும் நாட்களில், கூடலூரிலிருந்து ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துக்கொண்டு போனவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. வரம்பு போட்டுக் காக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட ஊரில் வாழ்கிறவர்கள் நாங்கள். கூட்டம் ஓர் இடத்தை என்ன செய்யும் என்பதை வாசற்படியிலேயே பார்த்திருப்பதால், இன்னொருவருடைய அமைதியான ஊருக்குள் நுழையும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எங்களுக்குப் பிறரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொளாவிப்பாலத்துக்கு முன்பாக மற்ற கரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாஸ்கோ ட காமா 1498-இல் வந்திறங்கியதாகக் கல்வெட்டு நிறுத்தப்பட்டிருக்கும் காப்பாடு, 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தண்ணீரின் தூய்மையிலிருந்து கழிப்பறை, உயிர்காப்பாளர் வரை 33 அளவுகோல்களை வைத்து வழங்கப்படும் சான்று அது. கடலில் இறங்கிக் குளிக்க ஆசைப்படும் குடும்பங்கள் காப்பாட்டுக்குச் செல்வதே சரி. ஆனால் வார இறுதியில் அங்கே அமைதியை எதிர்பார்க்க முடியாது. கண்ணூர்ப் பக்கத்து முழப்பிலங்காட்டில் ஈர மணலில் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு வண்டி ஓட்டலாம் என்பதே சிறப்பு. வண்டிச் சத்தத்திலிருந்து தப்பிக்க நினைப்பவருக்கு அது பொருந்தாது.

கொளாவிப்பாலம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. தேசிய நெடுஞ்சாலை 66-இலிருந்து மேற்கே பிரியும் ஊர்ச்சாலை, தென்னந்தோப்புகளுக்கும் மீனவர் வீடுகளுக்கும் இடையே வளைந்து சென்று, எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகி, கடைசியில் மணலில் முடிகிறது. நுழைவுச் சீட்டு, அலங்கார வளைவு, ஐஸ்கிரீம் வண்டி எதுவும் கிடையாது. மேற்கே திறந்த கடல். வடக்கே குற்றியாடிப் புழை கடலில் கலக்கும் அழிமுகம். அழிமுகத்துக்கு அப்பால் வடகரையின் ‘சாண்ட்பேங்க்ஸ்’ கடற்கரை. இரண்டு கரைகளுக்கும் நடுவே ஆற்றின் வாய் மட்டுமே இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் நடைபாதையும் விளக்குக் கம்பங்களும் மாலைநேரக் கூட்டமுமாக இருக்க, இந்தப் பக்கம் வலை உலர்த்துகிறவர்களும் கரையேற்றி வைத்த வள்ளங்களும் மணலில் ஓடும் நண்டுகளும்தான். நாங்கள் இருந்த காலை வேளைகளில் கரை நெடுகக் கண்ணில் பட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே. வானம் தெளிந்திருக்கும்போது கடலுக்குள் வெள்ளியாங்கல்லுப் பாறை தனியே தெரிகிறது.

இந்தக் கரையில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மணல். குற்றியாடிப் புழை வயநாட்டு மலைச்சரிவில் தோன்றி 74 கிலோமீட்டர் ஓடி இங்கே கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் மலையிலிருந்து ஆறு கொண்டுவரும் மணலும், தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் அரித்துக்கொண்டு போகும் மணலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்வரை கரை கரையாக இருக்கும். அழிமுகத்தில் ஆண்டுக்கணக்கில் மணல் அள்ளப்பட்டதால் அந்தக் கணக்கு பிசகி, கொளாவிப்பாலத்தின் கரை வெகுவாக அரிக்கப்பட்டுவிட்டது. சில இடங்களில் தென்னையின் வேர்கள் வெளியே தெரிய நிற்கின்றன. சில இடங்களில் கருங்கல் போட்டுக் கடற்சுவர் கட்டியிருக்கிறார்கள். படங்களில் பார்க்கும் அகன்ற வெண்மணற் பரப்பு எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று எண்ணிச் செல்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அழிமுகத்தை ஒட்டிய பகுதியில்தான் மணல் அகலமாகவும் மென்மையாகவும் இருக்கிறது. உள்பக்கம் திரும்பினால் அலையாத்தி எனப்படும் கண்டல் செடிகள் அடர்ந்த சதுப்பும், அமைதியான ஆற்று நீரும், கொக்குகளும் உள்ளன. கடலைவிட அந்த ஆற்றோரத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

கொளாவிப்பாலத்தின் பெயர் வெளியே தெரிந்ததற்குக் காரணம் ஆமைகள். தமிழகக் கரையில் பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமை இங்கே வந்து முட்டையிடுகிறது. முன்பு அந்த முட்டைகளைத் தோண்டி எடுத்துத் தின்பதும் விற்பதும் இந்த ஊரில் வழக்கமாக இருந்தது. 1992-இல் இதே ஊரின் மீனவ இளைஞர்கள் சிலர் சேர்ந்து ‘தீரம் பிரகிருதி சம்ரட்சண சமிதி’ என்ற அமைப்பைத் தொடங்கி, இரவில் கரையைக் காவல் காத்து, கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்த அறிஞர்கள் சொல்லிக் கொடுத்துத் தொடங்கிய திட்டமாக இல்லாமல், பகல் முழுதும் கடலில் உழைத்தவர்கள் இரவில் தூக்கத்தைத் துறந்து செய்த பணி என்பதால், அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதே மக்கள்தான் மணற்கொள்ளைக்கு எதிராகவும் குரல் கொடுத்தார்கள். அரிப்பைத் தடுக்கக் கண்டல் நட்டவர்களும் அவர்களே.

பெண் ஆமை இரவில் கரையேறி, அலை எட்டாத மேட்டு மணலில் பின்னங்கால்களால் குடுவை வடிவில் குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடி, தன் உடலின் எடையாலேயே அந்த இடத்தைத் தட்டிச் சமன்செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பத்தைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகும். வெளிவந்த குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். மின்விளக்கு இல்லாத கரையில் நட்சத்திர ஒளி பட்ட கடல்தான் வெளிச்சமான பக்கம். கரையில் விளக்கு எரிந்தால் குஞ்சு ஊரை நோக்கித் தவழ்ந்து, நாய்க்கோ காக்கைக்கோ இரையாகிவிடும். முட்டையிட வரும் தாயும் கைவிளக்கின் ஒளியைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

ஆகவே, ஆமை பார்க்கலாம் என்று குழந்தைகளிடம் ஆசை காட்டி அழைத்துச் செல்வது சரியன்று. கரை அரிக்கப்பட்ட பிறகு கூடுகள் மிகவும் குறைந்துவிட்டன. ஆமையே வராமல் கழிந்த பருவங்களும் உண்டு. நாங்கள் ஆமையைப் பார்க்கவில்லை, பார்க்க முயலவும் இல்லை. பகலில் ஊர்க்காரர்களிடம் கேட்டபோது பொரிப்பக வேலியையும், அலை எங்கே வரை ஏறும் என்பதையும், கூடு கட்ட ஏற்ற மேடு எது என்பதையும் பொறுமையாகக் காட்டினார்கள். என் மகள் அந்த மேட்டைச் சுற்றி நடந்து சென்றதைப் பார்த்து, அங்கே நின்ற பெரியவர் ஒருவர் அவளுக்கு ஆற்றோரத்துக் கண்டல் விதை முளைத்திருப்பதைக் கூட்டிச் சென்று காட்டினார். இரவு நேரத்தில் கரைக்கு விளக்கோடு போவது, தீ மூட்டி உட்கார்வது, பாட்டுப் போடுவது இவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் திட்டத்தில் இருக்குமானால் தயவுசெய்து வேறு கரைக்குச் செல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைக்கப்பட்ட உயிரினம் இது. முதுமலையில் புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு, கரையேறும் இந்த ஆமைக்கும் உண்டு.

அடுத்தது பாதுகாப்பு. கடலறியாத எங்களுக்கு இது மிக முக்கியம் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் சென்றபோது அங்கே உயிர்காப்பாளர் எவரையும் காணவில்லை. எச்சரிக்கைப் பலகையும் கண்ணில் படவில்லை. அம்மா, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், “சேட்டா, இங்க இறங்கிக் குளிக்கலாமா?” என்று கேட்டார். அவர் தலை நிமிராமலே, “வேண்டா அம்மே, அழிமுகம் அடுத்தாணு” என்றார்; அழிமுகம் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு வரியை இங்கே செல்லும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் ஆற்று நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குள் பாய்கிறது; மேலே பார்க்க நீர் சலனமில்லாமல் இருந்தாலும் அடியில் இழுப்பு பலமாக இருக்கும். கரையின் மற்ற இடங்களிலும், இரு பக்கமும் அலை உடைய நடுவில் மட்டும் அலை உடையாமல் கலங்கலாகத் தெரியும் பட்டை இருந்தால், அங்கேதான் நீர் கடலை நோக்கித் திரும்பி ஓடுகிறது என்று பொருள். அமைதியாகத் தோன்றுகிறது என்று மலையிலிருந்து வருகிறவர்கள் இறங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும். 2025 ஜனவரியில், சற்றுத் தெற்கே உள்ள திக்கோடிக் கரையில், வயநாட்டிலிருந்து வந்த குழுவில் நால்வர் அலையில் சிக்கி இறந்தார்கள். எங்களைப் போலவே மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் அவர்கள். கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் கொளாவிப்பாலத்தில் இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசும் புயற்காற்றால் எழும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நேரத்தில் கரைக்குள் ஏறிவிடும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செல்லவே வேண்டாம். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை இருக்கும் அந்தக் காலத்தில் கடல் கொந்தளிப்பாகவும் கரை மிகக் குறுகலாகவும் இருக்கும்.

ஏற்ற காலம் நவம்பரின் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை. ஊட்டியில் உறைபனி படியும் அந்த மாதங்களில் அரபிக்கடல் அடங்கியிருக்கும். ஆனால் எங்கள் உடலுக்கு அந்த வெப்பமும் புழுக்கமும் பழக்கமில்லை என்பதை மறக்கக்கூடாது. காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் கரையில் இருக்கலாம். நடுப்பகலில் மணலில் நிற்கவே முடியாது. பெரியவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்துச் செல்ல வேண்டும். உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது; கழிப்பறையும் கிடையாது. எங்கள் கூடலூர்ப் பகுதியில், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் பல. அந்தத் தலைமுறையினரில் சிலர் கடைசியாகக் கடலைப் பார்த்தது தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் வந்த கப்பலில்தான். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். கூட்டமும் கூச்சலும் இல்லாத இடத்தில் அவர் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருக்க முடிந்தது என்ற ஒரு காரணத்துக்காகவே இந்தக் கரையை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பேன்.

குறை சொல்ல வேண்டியது குப்பையைத்தான். ஊர்க்காரர்கள் போட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆறு கொண்டுவந்ததும் கடல் திருப்பித் தந்ததுமாக, அலை ஏறிய கோட்டில் பாட்டில் மூடிகளும் செருப்புகளும் அறுந்த நைலான் வலைத்துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை விதித்து, சோதனைச் சாவடியிலேயே தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளும் மாவட்டத்திலிருந்து செல்கிற எங்களுக்கு அது கண்ணை உறுத்துகிறது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் எஃகுக் குடுவையும் டிபன் பாத்திரமும் இங்கே நன்றாகவே உதவும். தெருநாய்களும் உண்டு, குழந்தைகள் கையில் தின்பண்டத்தோடு நடக்க வேண்டாம்.

தங்குவதற்குக் கரையிலேயே விடுதி எதிர்பார்க்க வேண்டாம். பய்யோளியிலும் வடகரையிலும் சாதாரண விடுதிகள் இருக்கின்றன. நாங்கள் கரைக்குச் சற்று உள்ளே ஒரு வீட்டின் மாடியில் தங்கினோம். அறை சிறியது, கொசுத் தொல்லை உண்டு, குழாய்த் தண்ணீரில் உப்புச் சுவை தெரிந்தது. ஆனால் அந்த வீட்டு இத்தா (அக்கா) இரவு ஆனதும் வெளிவிளக்கை அவராகவே அணைத்துவிடுவார். ஆமைக் காலம் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை. சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. காலையில் அரிசி ரொட்டியான பத்திரியும் மத்திக் குழம்பும். மாலையில் அரிசி மாவு அடைத்து வேகவைத்துப் பொரித்த கல்லும்மக்காய் என்ற கடற்சிப்பி, அவர்கள் வழக்கில் அரிக்கடுக்க. ஓட்டோடு வெந்த அந்த மாவில் தேங்காயும் பெருஞ்சீரகமும் ஏறியிருக்கும் சுவைக்காகவே மீண்டும் போகலாம். பய்யோளிக் கோழிப் பொரியல் பெயர்பெற்றது என்பதால் அதையும் உண்டோம். நன்றாக இருந்தது, ஆனால் மீன் இருக்கும் ஊரில் கோழி எதற்கு என்று அம்மா கேட்டது நியாயமாகவே பட்டது.

பக்கத்தில் பார்ப்பதற்கு இரிங்ஙலில் உள்ள ‘சர்காலயா’ கைவினைக் கிராமம் போதும். 2011-இல் திறக்கப்பட்டது, 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. நடுப்பகல் வெயிலை அங்கே கழிக்கலாம். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களின் நினைவகமும் அருகிலேயே இருக்கிறது. நான்காம் குஞ்ஞாலியைப் போர்த்துக்கீசியர் 1600-இல் கோவாவில் கொன்றார்கள். தெற்கே பய்யோளிக் கரை பி. டி. உஷா ஓடிப் பழகிய மணல். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தவர் அவர் என்று சொன்னதும், என் பிள்ளைகள் அந்த ஈர மணலில் ஓடிப் பார்க்காமல் வண்டியில் ஏற மறுத்துவிட்டார்கள்.

வழி பற்றி ஒரு குறிப்பு. கூடலூரிலிருந்து நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர் வந்து, எடவண்ணாவில் கொயிலாண்டி மாநில நெடுஞ்சாலையைப் பிடித்தால் அரீக்கோடு, முக்கம், தாமரச்சேரி, பாலுச்சேரி வழியாகக் கோழிக்கோடு நகருக்குள் நுழையாமலே கொயிலாண்டியை அடையலாம். அங்கிருந்து வடக்கே பய்யோளி அருகில்தான். பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்தவர்கள் வயநாடு சென்று தாமரச்சேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அதே சாலையில் சேரலாம், ஆனால் விடுமுறை நாட்களில் அந்தச் சுரத்தில் நெரிசல் அதிகம். குன்னூர், கோத்தகிரியில் இருப்பவர்களுக்குக் கோவையிலிருந்து மங்களூர் மார்க்க ரயிலில் ஏறி வடகரையில் இறங்குவது எளிது. வண்டியில் திரும்புகிறவர்கள், நாடுகாணிச் சுரத்தில் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டு என்பதால், பகல் ஒரு மணிக்குள் கரையை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள்.